காயத்துக்கு உடுப்பு உண்டா?

போலீஸ்காரர்கள் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்படும்போது அவர்களுக்கு அவசர வைத்தியம் கிடைப்பதை எவரும் தடுக்கக் கூடாதென்றும், தடுக்கிறவர்களைக் கடுமையாய்த் தண்டிப்பதற்கென்றே தனிச் சட்டம் செய்ய வேண்டுமென்றும் அமெரிக்கா தேசத்தில் 2020-ம் வருஷத்தில் பலமான யோசனைகள் கிளம்பின. "கடல் கடந்த தேசத்துப் போலீசைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். அடிபட்டவனை எப்படி நடத்துவது என்கிற பிரச்சினை எந்த ஒரு தேசத்துக்கும் தனிச் சொத்தல்ல. மேலும் அதே பிரச்சினை நம் திருநெல்வேலிச் சீமையின் நடுரோட்டில் ரத்தம் சிந்தக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆகையால் இதைப் பற்றி நாம் யோசித்தே தீர வேண்டும்.

மேற்படி யோசனையைப் பற்றி நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். அதன் நோக்கம் சரியானது. அதன் அளவு குறுகியது. போலீஸ்காரனுடைய உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்குக் கொஞ்சமும் ஆட்சேபணை இல்லை. போலீஸ்காரனுடைய உயிரை மாத்திரம் காப்பாற்றுவதற்கு ஒரு சட்டம் என்பதில்தான் நமக்கு ஆட்சேபணை உண்டு.

நடந்த சங்கதி

2020-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 12-ந் தேதி சனிக்கிழமை மாலை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த காம்ப்டன் என்னும் ஊரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் தங்கள் காரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் 31 வயதுள்ள ஒரு பெண். மற்றவர் 24 வயதுள்ள வாலிபர். ஒருவன் நடந்து வந்து, கார் ஜன்னலுக்கு நேரே துப்பாக்கியை நீட்டிச் சுட்டு விட்டு ஓடிப் போனான். அந்த அம்மாளுக்குத் தாடையில் குண்டு பாய்ந்தது. அந்த நிலையிலும் அவர் ரேடியோவில் உதவி கேட்டதோடு, தம்முடைய கூட்டாளியின் கையிலிருந்து பெருகிய ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் போட்டார். இருவரும் பக்கத்து ஊராகிய லின்வுட்டில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு சிறு கும்பல் கூடி, அவர்கள் சாகட்டும் என்று கூச்சல் போட்டது. அவசர வார்டுக்குப் போகும் வழியையும் வரும் வழியையும் அந்தக் கும்பல் மறித்ததாகவும், அப்படி மறிக்க வேண்டாமென்றும் அந்த ஜில்லாப் போலீஸ் இலாகா அன்றிரவே பகிரங்கமாக அறிவித்தது. நல்ல வேளையாகச் சுடப்பட்ட இருவரும் பிழைத்துக் கொண்டார்கள். அம்மாதம் முடிவதற்குள் ஒருவன் மீது கொலை முயற்சிக் குற்றமும் சாட்டப்பட்டது. பதினொரு நாள் கழித்து, அதே செப்டம்பர் 23-ந் தேதி, லூயிவில் என்னும் பட்டணத்தில் நடந்த கிளர்ச்சியின்போது இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். அவர்களும் பிழைத்தார்கள். இவைகளையொட்டித்தான் தனிச் சட்டம் வேண்டும் என்கிற பேச்சு வலுத்தது.

"சாகட்டும்" என்பது என்ன ஞாயம்?

இனி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று "சாகட்டும்" என்று கத்தினவர்களைப் பற்றி முதலில் பேசுவோம். அவர்களுக்குப் போலீசார் மேல் இருந்த கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. காரணம் ஏராளமாக இருந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறோம். ஆனால் காரணம் இருக்கிறது என்பதனாலேயே ஒரு காரியம் சரியாகி விடாது.

தோழர்களே! அடிபட்டுத் துடிக்கிற ஒருவனைப் பார்த்து, "இவன் செய்த பாவத்துக்கு இவன் அனுபவிக்கட்டும்" என்று சொல்லுவது நமக்குப் புதிய பேச்சா? நம் நாட்டில் குஷ்டரோகியைப் பார்த்தும், பட்டினி கிடப்பவனைப் பார்த்தும், சேரியில் காலரா வந்து சாகிறவனைப் பார்த்தும், "முன் ஜென்மத்து வினை, அனுபவிக்கிறான்" என்று சொல்லி விட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? அந்தக் கர்மக் கணக்குக்கும் இந்தக் கூச்சலுக்கும் அடிப்படை ஒன்றேதான். இரண்டும் உதவி செய்ய வேண்டியவன் உதவி செய்யாமல் தப்பித்துக் கொள்ளுவதற்குக் கண்டுபிடித்த சமாதானமேயாகும். முதலாவதில் தண்டனை கொடுக்கிற அதிகாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத கடவுளிடம் ஒப்படைக்கிறான். இரண்டாவதில் தானே அதை எடுத்துக் கொள்ளுகிறான். விசாரணை என்பது இரண்டிலும் கிடையாது.

குற்றம் செய்த போலீஸ்காரன் இருந்தால் அவனை விசாரிக்கக் கோர்ட்டு இருக்க வேண்டும். அது ஒழுங்காக நடக்காவிட்டால் நடக்கும்படி போராட வேண்டும். ஆனால் காரில் உட்கார்ந்திருந்தபோது சுடப்பட்ட அந்த இரண்டு பேர் என்ன குற்றம் செய்தார்கள் என்று அந்தக் கும்பலில் யாருக்காவது தெரியுமா? அவர்கள் பெயர்கூடத் தெரியாது. அவர்கள் போட்டிருந்த உடுப்பு ஒன்றுதான் தெரியும். ஒருவன் பிறந்த ஜாதியைக் கொண்டு அவனுடைய யோக்கியதையை நிர்ணயிப்பது தவறு என்று சொல்லுகிற நாம், ஒருவன் போட்டிருக்கிற உடுப்பைக் கொண்டு அவன் பிழைக்கலாமா கூடாதா என்று நிர்ணயிப்பதை எப்படி ஒப்புக் கொள்ள முடியும்?

யுத்தகளத்தில்கூட இந்த அநியாயத்தை நாகரிக உலகம் ஒப்புக் கொள்ளுவதில்லை. 1859-ம் வருஷம் ஜூன் 24-ந் தேதி இத்தாலியில் சோல்பரினோ என்னும் இடத்தில் பெரிய யுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கான பேர் காயம்பட்டு, தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தார்கள். வியாபார காரியமாக அவ்வழியே போன ஹென்றி துனாந் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர், அவ்வூர்ப் பெண்களைச் சேர்த்துக் கொண்டு, எந்த ராஜாவின் சிப்பாய் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கட்டுப் போட்டார். அதன் பலனாகவே செஞ்சிலுவைச் சங்கம் ஏற்பட்டது. 1864-ம் வருஷம் ஆகஸ்ட் 22-ந் தேதி ஜெனிவாவில் பல சர்க்கார்கள் கூடி, காயம்பட்டவன் எந்தக் கட்சியானாலும் அவனுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் செய்து கொண்டன. சுட்டுக் கொல்லவே வந்த எதிரிக்கு, அவன் கீழே விழுந்த நிமிஷம் முதல் வைத்தியம் உண்டு என்றால், ஒரு பட்டணத்துத் தெருவில் சுடப்பட்டவனுக்கு இல்லையென்று சொல்ல எவனுக்கு உரிமை உண்டு?

ஆகவே ஆஸ்பத்திரி வாசலை மறிக்கிறவன் எவனாயிருந்தாலும் தண்டிக்கப்பட வேண்டியவனே. இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. பெரிய ரத்தக் குழாய் அறுந்து விட்டால் மனிதன் சில நிமிஷங்களில் செத்துப் போவான். வாசலில் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்துவது என்பது கழுத்தில் கத்தி வைப்பதற்குச் சமானம்.

கோபத்தின் வேர்

நிற்க, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? அதே 2020-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி மினியாபொலிஸ் பட்டணத்தில் ஜார்ஜ் பிளாய்ட் என்னும் கறுப்பு மனிதரைப் போலீசார் தரையில் குப்புறத் தள்ளி, ஒருவன் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றான். மூச்சு விட முடியவில்லை என்று அவர் கெஞ்சியதை உலகமெல்லாம் கேட்டது. இதில் நம்முடைய விஷயத்துக்குச் சம்பந்தமான சங்கதி ஒன்றுண்டு. அந்த இடத்தில், அன்று வேலை முறையில்லாத தீயணைப்புப் படைப் பெண் ஒருவர் நின்று கொண்டிருந்தார். முதல் சிகிச்சை தெரிந்தவர். "நாடியாவது பாருங்கள், என்னை உதவி செய்ய விடுங்கள்" என்று அவர் மன்றாடினார். போலீசார் அவரைக் கிட்டவே விடவில்லை. கொன்றவனுக்கு 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதம் கோர்ட்டில் குற்றம் ருஜுவாயிற்று.

இதற்கும் முந்திய சரித்திரம் ஒன்றைச் சொல்லுகிறோம். 1931-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், பிஸ்க் சர்வகலாசாலையின் மாணவிகளுக்குத் தலைவியாக இருந்த ஜூலியட் டெரிக்காட் என்னும் கறுப்பு அம்மாள், ஜார்ஜியா மாகாணத்தில் டால்டன் என்னும் ஊருக்கருகில் மோட்டார் விபத்தில் பலமாய் அடிபட்டார். அவ்வூர் ஆஸ்பத்திரி கறுப்பரைச் சேர்த்துக் கொள்ளாது. ஆகையால் அவரையும் உடன் வந்த மாணவியையும் ஒரு கறுப்புக் குடும்பத்தார் வீட்டில் கிடத்தினார்கள். பிறகு வெகு தூரத்திலுள்ள வேறு பட்டணத்துக்குக் கொண்டு போனார்கள். இருவரும் இறந்தார்கள். அந்த அம்மாளுடைய படிப்போ, பதவியோ, கீர்த்தியோ ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கவில்லை. கோவில் கதவும் கிணற்றங்கரையும் அடைக்கப்பட்டிருந்த நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தக் கதவு எப்படித் திறந்தது? 1964-ம் வருஷத்தில் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. மறு வருஷம் முதியோர் வைத்தியத்துக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. நிறபேதம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பணம் கிடையாது என்று 1966-ல் சர்க்கார் கண்டிப்பாய்ச் சொல்லிற்று. அவ்வளவுதான், எத்தனையோ தலைமுறையாய் மூடிக் கிடந்த வார்டுகள் சில மாதங்களில் திறந்து கொண்டன. பாதிரிமார் பிரசங்கத்தால் நடக்காதது சட்டத்தாலும் பணத்தாலும் நடந்தது. ஆகவே, சட்டத்தினால் என்ன ஆகும் என்று அலட்சியமாய்ப் பேசுகிறவர்களோடு நாம் சேர மாட்டோம். நல்ல சட்டம் உயிரைக் காப்பாற்றும். அதனாலேயே அதை ஒழுங்காக எழுத வேண்டும் என்கிறோம்.

இருக்கிற சட்டம் என்ன?

தனிச் சட்டம் கேட்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அந்த நாட்டில் இப்போது சட்டமே இல்லையா? இருக்கிறது. 1986-ம் வருஷத்தில் செய்யப்பட்ட சட்டப்படி, முதியோர் வைத்தியப் பணத்தைச் சர்க்காரிடம் வாங்குகிற, அவசர வார்டு உள்ள எந்த ஆஸ்பத்திரியும், வருகிறவன் கையில் பணம் இருக்கிறதா என்று பாராமல் அவனைப் பரிசோதிக்க வேண்டும். அபாயம் இருந்தால் நிலைமை சீர்ப்படும்படியான சிகிச்சை செய்ய வேண்டும். ஏழைகளை ஒரு ஆஸ்பத்திரி இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தள்ளி விடும் அக்கிரமத்தை நிறுத்தவே அது வந்தது. போலீஸ்காரனுக்கும் அது உண்டு, திருடனுக்கும் உண்டு. ஆம்புலன்சுக்காரருடைய வேலைக்கு இடைஞ்சல் செய்வது கலிபோர்னியாவில் முன்னமேயே குற்றம்.

"முதல் சட்டம் ஆஸ்பத்திரிக்காரனைக் கட்டுப்படுத்துமே தவிர, வாசலில் நிற்கிற கும்பலைக் கட்டுப்படுத்தாதே! இடைஞ்சல் செய்த சாதாரணக் குற்றத்துக்குத் தண்டனை சொற்பமாயிற்றே!" என்று அவர்கள் சொல்லலாம். இது ஞாயமான பதில்தான் என்று நாமும் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் வாசலை மறிப்பதற்கென்று சட்டம் செய்வது எப்படி என்பதற்கு அவர்கள் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. கர்ப்பச் சிதைவு வைத்தியசாலைகளின் வாசலில் மத வெறியர்கள் கூடிப் பெண்களை மறித்து வந்ததால், 1994-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. பலாத்காரத்தாலோ, பயமுறுத்தலாலோ, உடம்பை வைத்து வழியை அடைப்பதாலோ அந்த வைத்தியத்துக்குப் போகிறவர்களையும் அதைச் செய்கிறவர்களையும் தடுப்பது குற்றம் என்பது அதன் சாரம். உள்ளே போகிற பெண் யார், என்ன உத்தியோகம், என்ன கட்சி என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கர்ப்பச் சிதைவை எதிர்க்கிறவர்கள் நடத்தும் கர்ப்பிணி ஆலோசனை நிலையங்களுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்தது. வாசலைக் காப்பாற்றும் சட்டம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போலீசுக்கு மாத்திரம் ஏன்?

"போலீஸ்காரர் நமக்காக ஆபத்தில் இறங்குகிறார், ஆதலால் அவருக்கு விசேஷப் பாதுகாப்பு வேண்டாமா?" என்பது மறுபுறத்தாரின் பெரிய வாதம். வேண்டும். சம்பளத்தில் கொடுங்கள், பென்ஷனில் கொடுங்கள், குண்டு துளைக்காத சட்டை கொடுங்கள், அவர் இறந்தால் பெண்டு பிள்ளைகளுக்கு உதவி கொடுங்கள். அவையெல்லாம் அவருடைய உத்தியோகத்தைப் பொறுத்தவை. ஆனால் அவசர வார்டு என்பது உத்தியோகம் பார்க்கிற இடம் அல்ல. அங்கே யாருடைய உயிர் முதலில் போகும்படி இருக்கிறதோ அவரை முதலில் கவனிப்பார்கள். கலெக்டருக்குக் கை முறிந்து, கூலிக்காரனுக்கு மார்பில் குண்டு பாய்ந்திருந்தால், டாக்டர் கூலிக்காரனிடம்தான் முதலில் போக வேண்டும். அது வைத்திய சாஸ்திரத்தின் முறை. இந்த முறையைக் கொண்டு வர உலகம் வெகு காலம் பாடுபட்டிருக்கிறது. அதில் உடுப்புக்கு முதலிடம் என்று ஓட்டை போட்டால், அடுத்தபடியாகப் பணக்காரனும், அதற்கடுத்தபடியாக மேல்ஜாதிக்காரனும் அதே ஓட்டை வழியாக உள்ளே நுழைவார்கள்.

அன்றியும், சட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக எழுதினால் போலீஸ்காரருக்கு என்ன குறைந்து விடும்? காயம்பட்ட எந்த மனிதனுடைய வைத்தியத்தைத் தடுத்தாலும் குற்றம் என்று எழுதினால், அதில் போலீஸ்காரரும் முழுக்க முழுக்க அடங்கி விடுகிறார். அவருக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பில் ஒரு மாகாணிகூடக் குறைவதில்லை. போலீசுக்கு மாத்திரம் என்று எழுதினாலோ, தீயணைப்புக்காரனும், தாதியும், தெருவில் குண்டடிபட்ட பள்ளிக்கூடப் பையனும் வெளியே நிற்கிறார்கள். ஊருக்கு ஒரு கிணறு வெட்டி, ஒரு தெருவாருக்கு மாத்திரம் தண்ணீர் என்று எழுதி வைப்பதற்கு நாம் ஏன் சம்மதிக்க வேண்டும்?

அந்த நாட்டில் போலீஸ் நாய்க்குக்கூட இந்த விஷயத்தில் சட்டம் உண்டு. மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் 2018-ல் ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய நாயும் குண்டடிபட்டது. நாயை ஆம்புலன்சில் ஏற்றச் சட்டம் இடங் கொடுக்கவில்லை. அதனால் 2022-ல் புதுச் சட்டம் செய்து, காயம்பட்ட போலீஸ் நாய்க்கு முதல் சிகிச்சை செய்யவும், மனிதருக்குத் தேவையில்லாத சமயத்தில் அதை ஆம்புலன்சில் கொண்டு போகவும் அனுமதித்தார்கள். இதை நாம் பரிகாசம் செய்யவில்லை. வாயில்லா ஜீவனுக்கு இரக்கம் காட்டியது நல்லதே. ஆனால் போலீஸ் இலாகாவைச் சேர்ந்த நாயின் காயத்தைப் பற்றி இவ்வளவு கவலையோடு யோசிக்கத் தெரிந்த சட்டசபைகள், போலீசின் முழங்காலுக்குக் கீழே கிடக்கிற மனிதனுடைய மூச்சைப் பற்றி யோசிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏனென்றால், காயம்பட்டவனுக்கும் டாக்டருக்கும் நடுவே நிற்கிறவன் எப்போதும் கும்பல்தான் என்பதில்லை. பல சமயங்களில் போலீசே நிற்கிறது. கைது செய்யும்போது காயம்பட்டவனுக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1983-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் பிளாய்ட் செத்த பிறகுதான், 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில், நியூயார்க் மாகாணம் போலீஸ் காவலிலுள்ளவனுக்கு வைத்திய உதவி பெற உரிமை உண்டு என்று சட்டம் செய்தது. ஆகவே வைத்தியத்தைத் தடுப்பது குற்றம் என்று எழுதுகிற பேனா, தடுக்கிறவன் கையில் தடி இருந்தாலும் குற்றம், லத்தி இருந்தாலும் குற்றம் என்று எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். தடுப்பது வேறு, பேசுவது வேறு. காம்ப்டன் சம்பவத்தன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பதைப் படம் பிடித்துக் கொண்டிருந்த ஒரு ரேடியோ நிருபரான பெண்ணைப் போலீசார் கீழே தள்ளிக் கைது செய்தார்கள். தாம் நிருபர் என்று அவர் கத்திச் சொன்னது அவர் கையிலிருந்த கருவியிலேயே பதிவாகியிருந்தது. வழக்குத் தொடர சர்க்கார் வக்கீல் மறுத்து விட்டார். சட்டத்தில் "இடைஞ்சல்" என்னும் வார்த்தையை அளவில்லாமல் நீட்டி எழுதினால், அது முதலில் யார் மேல் பாயும் என்பதற்கு இதுவே சாட்சி. "சாகட்டும்" என்று கத்துகிறவனுடைய வாய் நாறுகிறது. அதற்காக அவனை மனித சமூகம் வெறுக்கலாம். ஆனால் சட்டம் தண்டிக்க வேண்டியது வழியை அடைத்த காலை, கதவைப் பிடித்த கையை.

நம் நாட்டுச் சங்கதி

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 2010-ம் வருஷம் ஜனவரி மாதம் 7-ந் தேதி, திருநெல்வேலி ஜில்லா அம்பாசமுத்திரத்துக்கருகில் ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரை ஒரு கூட்டம் வேறு யாரோ என்று நினைத்து, வெடிகுண்டு வீசி அரிவாளால் வெட்டிப் போட்டு விட்டது. அவர் ரத்த வெள்ளத்தில் ரோட்டில் கிடந்து உதவிக்குக் கை நீட்டினார். அவ்வழியே மந்திரிகள் இருவருடைய கார் வரிசை வந்து நின்றது. மந்திரிகள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், கார்கள் இருந்தன. படம் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள். உடனே தூக்கி ஒரு காரில் போட்டுக் கொண்டு போகத்தான் ஆளில்லை. கடைசியில் கொண்டு போனபோது வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. நாடெல்லாம் அந்தக் காட்சியை டெலிவிஷனில் பார்த்தது.

இங்கே எந்தக் கும்பலும் ஆஸ்பத்திரி வாசலை மறிக்கவில்லை. போலீசை வெறுக்கிற கூட்டம் எதுவும் கூச்சல் போடவில்லை. சுற்றி நின்றவர்கள் சர்க்காரைச் சேர்ந்தவர்கள். அப்படியும் ஒரு போலீஸ்காரர் வைத்தியம் கிடைக்காமல் செத்தார். அமெரிக்காவில் யோசித்த மாதிரியான தனிச் சட்டம் அன்று நம்மிடம் இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்குமா? இருக்காது. அவரைக் கொன்றது, வெட்டினவன் அரிவாளுக்கு அடுத்தபடியாக, "நமக்கேன் வம்பு, ஆம்புலன்சு வரட்டும்" என்கிற மனப்பான்மையேயாகும்.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் ரத்தத்தைத் தொட்டால் தீட்டு என்கிற மூடப் பழக்கத்திலிருந்து வந்தது. மிச்சம் கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டுமே என்கிற பயத்திலிருந்து வந்தது. அந்தப் பயம் ஆஸ்பத்திரிக்காரர்களையும் விடவில்லை. வட நாட்டில் ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி அடிபட்டபோது, பக்கத்து ஆஸ்பத்திரியார் "இது போலீஸ் கேசு, எங்களுக்கு அதிகாரமில்லை" என்று இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் வழியிலேயே செத்தார். இதைப் பற்றிய வழக்கில் 1989-ம் வருஷம் ஆகஸ்ட் 28-ந் தேதி நம் சுப்ரீம் கோர்ட்டு, அடிபட்டவன் நிரபராதியானாலும் குற்றவாளியானாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், மற்ற சடங்குகளெல்லாம் பிறகுதான், இது சர்க்கார் டாக்டருக்கு மட்டுமல்ல எல்லா டாக்டருக்கும் கடமை என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2019-ம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், விபத்தில் அடிபட்டவனுக்கு நல்லெண்ணத்தோடு உதவி செய்கிறவன் மேல் வழக்குப் போடக் கூடாதென்றும், அவன் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாதென்றும் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. 2021-ம் வருஷம் டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய திட்டப்படி, இந்த ராஜ்யத்தின் ரோட்டில் அடிபட்ட எவருக்கும், அவர் எந்த ஊராராயிருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கு இலவச வைத்தியம் உண்டு. இவற்றில் எதுவும் அடிபட்டவனுடைய உடுப்பைக் கேட்கவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் நம்மிடமே உண்டு. 2020-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, கடையை நேரத்தில் மூடவில்லை என்று சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனையும் மகனையும் போலீசார் பிடித்துக் கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் படாத பாடு பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். எதற்கு? வைத்தியம் செய்வதற்கல்ல, ஜெயிலுக்குப் போகத் தகுதி என்று சீட்டு வாங்குவதற்கு. மூன்று நாள் கழித்து மகனும், அடுத்த நாள் தகப்பனும் செத்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் திறந்தே இருந்தும் வைத்தியம் உள்ளே இல்லாமற் போன கதை இது. அம்பாசமுத்திரத்துச் சப்-இன்ஸ்பெக்டருக்காக வருத்தப்படுகிறவன் சாத்தான்குளத்துக்காகவும் வருத்தப்பட வேண்டும். ஒன்றுக்கு மாத்திரம் கண்ணீர் விடுகிறவன் மனிதனுக்காக அழவில்லை, கட்சிக்காக அழுகிறான்.

செய்ய வேண்டியது

ஆகவே, இந்த விஷயத்தில் அமெரிக்காவானாலும் சரி, நம் நாடானாலும் சரி, சட்டம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை. முதலாவது, காயம்பட்ட எந்த மனிதனும் வைத்தியத்துக்குப் போகும் வழியை வேண்டுமென்றே அடைப்பது கடுமையான குற்றமாக இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தக் குற்றத்தை உத்தியோகஸ்தன் செய்தாலும், காவலிலுள்ளவனுக்கு வைத்தியத்தை மறுத்தாலும் அதே தண்டனை வேண்டும். மூன்றாவது, குற்றம் என்பது தடுக்கும் செய்கையைப் பொறுத்ததாக இருக்க வேண்டுமேயல்லாமல், கண்டனப் பேச்சையும் பத்திரிகை நிருபரையும் சிக்க வைக்கிற வலையாக இருக்கக் கூடாது. நான்காவது, உதவி செய்கிறவனுக்குத் தொந்தரவு இல்லை என்று மோட்டார் விபத்துக்குச் சொன்ன உறுதியை, வெட்டு, குத்து, துப்பாக்கிக் காயம் எல்லாவற்றுக்கும் விரிவாக்க வேண்டும். ஐந்தாவது, ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போடும் வித்தையைப் போலீஸ்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்க வேண்டும். காம்ப்டனில் அந்த வாலிபருக்கு ஆஸ்பத்திரி போகும் வரை துணையாக இருந்தது ஒரு பெண் போட்ட கட்டு என்பதை மறக்கக் கூடாது.

சட்டம் வரட்டும் என்று தோழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் ரோட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால், அவன் ஜாதி என்ன, கட்சி என்ன, காக்கிச் சட்டையா கந்தல் துணியா என்று பார்க்காதீர்கள். ரத்தம் வருகிற இடத்தைத் துணியால் அமுக்கிப் பிடியுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். தீட்டு என்று சொல்லுகிற கிழவனையும், கேசு வரும் என்று பயமுறுத்துகிற பெரிய மனிதனையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவன் பிழைத்து எழுந்த பிறகு அவன் குற்றவாளியா நிரபராதியா என்று கோர்ட்டு பார்த்துக் கொள்ளட்டும். அவன் போலீஸ்காரனாயிருந்து நாளை உங்கள் ஊர்வலத்தையே தடுக்க வந்தாலும் வரட்டும். அப்போது அவனோடு வாதாடுங்கள், வழக்காடுங்கள், சிறைக்கும் போங்கள். அவன் கீழே கிடக்கும் நேரத்தில் மாத்திரம் அவனைத் தூக்குங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.